இடது கை அளவு

"அடிக்கிறதுக்குத்தான் வேணும், அக்கா. ஆனா ரொம்ப வலிக்கக் கூடாது."

மரச்சாமான் கடைக்காரம்மா துடைத்துக்கொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "வீட்டுல யாரையாச்சும் போட்டு அடிக்கிற வேலைன்னா வேற கடை பாரும்மா. எங்கிட்ட கிடைக்காது."

"ஐயய்யோ, அப்படி இல்ல!" வாங்க வந்த தையல்காரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தெரிந்த முகம் ஒன்றுகூட எதிர்ப்படக் கூடாதென்றுதான் இரண்டு பஸ் மாறி இந்தக் கடைக்கு வந்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரரும் நானும்... சும்மா ஒரு விளையாட்டுக்கு. அவருக்கும் சம்மதம்தான்."

கடைக்காரம்மா ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடேங்கப்பா! கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா! நீ மகராசிம்மா. வா, உள்ள வந்து உட்காரு."

அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அதனால் தையல்காரிக்கும் வாய் திறந்துகொண்டது.

"அவர் தொழில் நொடிச்சு ரெண்டு வருஷமாச்சு அக்கா. இப்ப அடுத்தவங்க கிட்ட கூலிக்குப் போறார். போவார், வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துப்பார். சிரிக்கவே மறந்துட்டார். போன வாரம் துணி வெட்டிக்கிட்டு இருந்தேன். குறுக்கே குறுக்கே வந்து நின்னார். விளையாட்டா ஸ்கேலால பின்னால ஒண்ணு வெச்சேன். ஸ்கேல் ரெண்டா ஒடிஞ்சு போச்சு!"

"அப்புறம்?"

"'அவ்வளவுதானா?'ன்னு கேட்டார் அக்கா. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்தச் சிரிப்பை விட்டுடக் கூடாதுன்னு இருக்கு. அடுத்த வாரம் அவர் பிறந்த நாள். செல்போன்ல பார்த்தா, இதுக்குன்னே விக்கிற பலகைக்கு யானை விலை, குதிரை விலை சொல்றான்."

கடைக்காரம்மா மடமடவென்று எழுந்து, பிடி வைத்த காய் நறுக்கும் பலகை ஒன்றை எடுத்து வந்தாள்.

தையல்காரி அதை விரலால் சுண்டிப் பார்த்தாள். "இது ஒட்டுப்பலகை. நாலு தட்டு தட்டினா உரிஞ்சிடும்."

துணி துவைக்கிற கட்டை வந்தது. "இதால தட்டினா நேரா ஆஸ்பத்திரிதான்."

"மரம் தெரிஞ்சவளா இருக்கியே!"

"எல்லாம் கூடவே இருந்து பழகினதுதான்."

"சரி, எனக்குச் சாமான் செய்யிற பட்டறைல புதுசா ஒரு ஆளு இருக்காரு. கைவேலை சுத்தம், வாயும் திறக்க மாட்டாரு. செய்யச் சொல்றேன். உன் கையை இந்தத் தாள்ல வை. பிடி உன் கைக்குச் சரியா இருக்கணும்ல?"

தையல்காரி இடது கையை வைத்தாள். அவளுக்கு எல்லாமே இடது கைதான். மெஷின் ஊசி ஏறி ஒரு பக்கமாகக் கோணிப்போன சுண்டுவிரலையும் சேர்த்துக் கடைக்காரம்மா பென்சிலால் வரைந்துகொண்டாள்.

"என் பேரு ஊரு எதுவும் சொல்லிடாதீங்க, அக்கா."

"எனக்கே தெரியாது, நான் எங்கே சொல்ல?"

ஒரு வாரம் கழித்துப் போனபோது பொருள் தயாராக இருந்தது. தையல்காரி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கனமும் இல்லை, லேசும் இல்லை. விளிம்பெல்லாம் உருட்டி, கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம்போல வழவழவென்று இழைத்திருந்தது. பிடியில் கோணல் சுண்டுவிரல் உட்காருவதற்கென்றே ஒரு சின்னப் பள்ளம்.

"எவ்வளவு அக்கா?" என்றாள் பயந்துகொண்டே.

"மரத்துக்கு மட்டும் குடு, போதும். கூலி வேணாம்னுட்டாரு."

"ஏனாம்?"

"யாருக்குத் தெரியும்? விஷயத்தைச் சொல்லித் தாளைக் குடுத்தேன். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னாரு. திடீர்னு ஒரே சிரிப்பு. அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "கேலி பண்ணினாரா?"

"சேச்சே! கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு. 'முதல்ல மெதுவா தட்டச் சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்லி அனுப்பினாரு."

யார் பெற்ற பிள்ளையோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக வாழ்த்திக்கொண்டே வந்தாள். இந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவளுக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தையல்காரி தாளில் சுற்றிய பொருளை அவர் மடியில் வைத்தாள். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் விட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பிறந்த நாளுக்கு. கடையில வாங்கினதுதான், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்டயே கேக்க வெக்கமா இருந்தது. ஆனா செஞ்சவர் யாரோ புண்ணியவான், கூலியே வேணாம்னுட்டார். நேர்ல பார்த்தா ரெண்டு கையும் எடுத்துக் கும்பிடுவேன்."

அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அவளுடைய இடது கையை இழுத்து, கோணல் சுண்டுவிரலை மெல்ல நீவிவிட்டார்.

"கும்பிடுறது இருக்கட்டும்டி. இதுக்குன்னு பள்ளம் எடுத்தேனே, சரியா உட்காருதா?"