கர்னல் போட்ட சட்டம்

சத்தியம், சத்தியம், நூறு தடவை சத்தியம். இதில் ஓரெழுத்து பொய்யென்றாலும் என் மீசையில் பாதியைச் சிரைத்துவிடுங்கள்.

கர்னல் என்கிற நாய் ஏழு வருஷமாகத் தனியாக ஆண்டுவந்த வீட்டுக்கு, தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயைச் செண்பகம் டீச்சர் தூக்கிவந்து, பன்னு என்று பெயரும் வைத்துவிட்டாள். எங்கே தன் சோபா பறிபோகுமோ என்று கர்னல் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டது.

"இங்க பாரு தம்பி, இந்த வீட்டுல நாய் சோபாவுல ஏறக்கூடாது. செருப்பை மோந்துகூடப் பாக்கக்கூடாது. அதான் சட்டம்."

"சரிங்கண்ணே," என்றது பன்னு. வீடு என்ற ஒன்றையே அது அப்போதுதான் பார்க்கிறது. அப்படியே நம்பிவிட்டது.

ஒரு வாரம் கழித்து டீச்சர் பன்னுவின் தலையைத் தடவிக்கொண்டே கர்னலை முறைத்தாள். "தெருவுல வளந்தது எவ்வளவு ஒழுக்கமா தரையில படுக்குது. உனக்கென்னடா கேடு? இறங்கு கீழே."

டீச்சர் குளிக்கப் போனதும் கர்னல் பன்னுவிடம் ஓடியது. "தம்பி, சட்டம் மாறிப்போச்சு. அந்தச் செருப்பைக் கடி."

"ஐயோ, தப்புண்ணே."

"சரி, ஒத்தைச் செருப்பு எனக்கு, ஒத்தை உனக்கு."

டீச்சர் வந்து இரண்டு நாய்களையும் சேர்த்து வைத்துத் திட்டிவிட்டு, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனாள். பன்னு கர்னலோடு ஒட்டிக்கொண்டது. "என்னைத் திருப்பித் தெருவுல விட்டுடுவாங்களாண்ணே?"

"திட்டு வாங்கிட்டேல்ல, இனி நீ வீட்டு ஆளு. வா, சோபாவுல தலைமாடு எனக்கு, கால்மாடு உனக்கு."

டீச்சர் கேட்டால் சொன்னது நானென்று மூச்சு விடாதீர்கள். அந்தச் செருப்பு புதுசாம்.