வீராயி கைப் பால்

“நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி. அண்ணனை நான் பாத்துக்கிறேன்” என்றாள் வீராயி.

வேறு எந்த நாத்தனார் இப்படிச் சொல்லியிருந்தாலும் சின்னப்பிள்ளையின் மனம் குளிர்ந்திருக்கும். வீராயி சொன்னதால் கிளம்பவே பயமாக இருந்தது.

காரணம் இருந்தது. உடையார்பாளையம் பக்கத்துச் சொந்தத்தில் யாருக்காவது உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் வீராயியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்து, தலையை அண்ணாத்திப் பிடித்து, வாயில் ஒரு சங்கு பால் ஊற்றுவாள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், இழுத்துக்கொண்டிருந்த உயிர் அடங்கிவிடும். இப்படி எட்டுப் பேர். ராசியான கை என்று சனம் கொண்டாடியது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போனவர்களும் உண்டு.

அந்தக் கைராசிக்காரிதான் நாலு நாளாக அண்ணன் முருகையனின் தலைமாட்டை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகலையா என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே பதில்.

இத்தனைக்கும் முருகையன் ஒன்றும் சாகக் கிடக்கவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, விழுங்குவது சிரமமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியதும், டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று சொந்தக்காரர்கள் தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். ஏலாக்குறிச்சியிலிருந்துகூட பஸ் பிடித்துப் பால் சொம்போடு வந்தார்கள்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியது சின்னப்பிள்ளைக்கு மனப்பாடம். படுத்திருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீரும் பாலும்தான் ரொம்ப ஆபத்து, வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இறங்கினால் நுரையீரல் கெட்டுக் காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு கரகரக்கும், மூச்சு வாங்கும். சிலருக்கு இருமல்கூட வராது, வெளியே தெரியாமலே ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கீழே தாழ்த்தி, கெட்டிக் கூழாக அரை அரைக் கரண்டி கொடுக்க வேண்டும். வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். சாப்பிட்ட கையோடு படுக்க விடவும் கூடாது.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பேச்சை முருகையன் இப்படிக் கேட்டதே இல்லை. குனி என்றால் குனிந்தார், விழுங்கு என்றால் விழுங்கினார். இந்த மனுஷனை வழிக்குக் கொண்டுவர ஒரு வாதம் வரவேண்டியிருந்ததே என்று அவள் சொன்னபோது, கோணிய வாயோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் பத்து வருஷம் வேண்டும் அவளுக்கு. அதற்காகவே பால் சொம்போடு வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பி, கல்நெஞ்சுக்காரி என்று பேரும் வாங்கிக்கொண்டாள்.

இன்றோ மாத்திரை தீர்ந்துவிட்டது. மகன் கலைச்செல்வனுக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் பகல் ஷிப்ட். அரியலூருக்கு அவளேதான் போக வேண்டும். வீட்டிலிருந்த பாலுக்கெல்லாம் உறை ஊற்றினாள். சங்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். நான் வரும்வரை எதுவும் கொடுக்காதே என்று வீராயியிடம் மூன்று தடவை சொன்னாள். வீராயி மூன்று தடவையும் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மூன்று. ஏலாக்குறிச்சிச் சொந்தக்காரர்கள் எதிரே அதே பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

“வீராயி இருக்கப் போயி ஆச்சு. எங்க பாலு வீணாப் போவல” என்றார் ஒருவர்.

சின்னப்பிள்ளை ஓடினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறு டம்ளர்கள் இருந்தன. ஆறும் காலி. முருகையன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள், கரகரப்பும் இல்லை. ஆனால் வெளியே தெரியாமலே கொண்டுபோய்விடும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து அவளை உலுக்கியது.

“எத்தன டம்ளரு உள்ள போச்சு?”

“ஆறு” என்றாள் வீராயி.

சின்னப்பிள்ளை, இவளை நம்பி விட்டுப் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடப்பிறந்தவளே இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள்.

“அண்ணனுக்கு எங்க ஊத்துனாங்க. எல்லாத்தையும் நான்ல குடிச்சேன்” என்றாள் வீராயி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “ஒரே வயித்துல பொறந்தவ நான், எனக்குக் குடுத்தா அவருக்குக் குடுத்த மாதிரிதான்னு சொல்லிச் சொல்லி வாங்கிக் குடிச்சேன். நான் சொன்னா யாரு மறுத்துப் பேசுவா. நாளைக்கும் வருவாங்க. நானும் இங்கதான் இருப்பேன்.”

சின்னப்பிள்ளைக்கு அழுகை நின்றுவிட்டது. எதற்காக இதெல்லாம் என்று கேட்டாள்.

“போன மாசம் என் ஆட்டுக்குட்டிக்கு வயிறு உப்பிப்போச்சுன்னு தலையத் தூக்கிப் புடிச்சு வெளக்கெண்ணெ ஊத்துனேன். ரெண்டே நாளுல போயிடுச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரு அறுத்துக் காட்டுனாரு, எண்ணெ பூரா நுரையீரல்ல கெடந்துச்சு.”

வீராயி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எட்டுப் பேருக்கும் அப்புடித்தான் அண்ணி தலையத் தூக்கிப் புடிச்சேன். அதுல மொத ஆளு எங்க வூட்டுக்காரரு.”