உப்புக் கொட்டகை

சீனச் சண்டைக்குப் போன உடையப்பன் திரும்பவில்லை. பனிமலையில் காணாமல் போய்விட்டான் என்று தந்தி வந்தது. உடல் வரவில்லை. அதனால் அவன் மனைவி மூக்கம்மாள் தாலியைக் கழற்றவில்லை.

கடைசி லீவில் வந்தபோது, அவள் வேலை பார்க்கும் திண்டுக்கல் தோல் பதனிடும் ஷாப்பின் உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து சொன்னான்: “ராத்திரி நிலா அடிச்சா மலையே இந்த உப்புக் குமியல் மாதிரி வெள்ளையாக் கெடக்கும், புள்ள. ஒரு சத்தம் இருக்காது. அம்புட்டு அழகு. மூச்சு வாயில புகையா வரும். பக்கத்துல இருக்கவன் உசுரோட இருக்கானான்னு அந்தப் புகைய வச்சுத்தான் பார்ப்போம்.”

சித்திரை உச்சிவெயிலில் மாமனார் கொட்டகைக்கு வந்தார். மூக்கம்மாள் ஈரத்தோலில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காரியம் வச்சிருக்கேன் ஆத்தா. தாலிய எறக்கிரு. ஊரு சிரிக்குது.”

“ஒங்க மகன் செத்தத நீங்க பாத்தீகளா, மாமா?”

கேட்டபோது அவள் வாயிலிருந்து புகை வந்தது. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தைப் பார்த்தார்.

அங்கேயும், உடையப்பன் உயரத்தில், புகை வந்தது. நின்றது. மறுபடி வந்தது.