காலடி படாத இடம்

எஞ்சின் இருமியது. வெள்ளைப் புகையைக் கக்கியது. அணைந்தது.

மிலுன் மறுபடி காரின் சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, மறுபடி அதே மூச்சுத் திணறல்.

வேலிக்கு அப்பால் பசுவை ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு ஸ்ரேத்தென் நின்றான். "அண்ணே, கிழவிக்கு டீசல் செமிக்கலை போல. ரெண்டு மடக்கு பிளம் சாராயம் ஊத்திப் பாருங்க, மலையைத் தாண்டிப் பறப்பா!"

மலை என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றினான். பசுவின் பின்னாலேயே போய்விட்டான்.

வாசல்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி கோசரா தலை நிமிரவில்லை. துக்கத்துக்குத் தலையில் கட்டிய கறுப்புத் துணி இன்னும் இறங்கவில்லை.

ஜனவரியில் அவர்கள் மகன் வெல்கோ விடுமுறை முடிந்து, வியன்னாவுக்கு வேலைக்குத் திரும்பும் வழியில், இந்தக் கார் ஸ்லாத்தார் மலைக் கணவாயில் நின்றுபோனது. உதவி தேடிப் பனியில் நடந்தான். காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். அதற்கு முன்பே அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் தன் கணவரிடம் கேட்பது ஒன்றைத்தான்.

"வண்டி ஏன் நின்னுச்சு? கடைசியா அதுல கை வச்சது நீங்கதானே?"

ஆமாம், அவர்தான். கிளம்புவதற்கு முந்தின மாலை எல்லாவற்றையும் திறந்து, துடைத்து, முடுக்கி, "தூங்கிக்கிட்டே ஓட்டலாம்டா" என்று மகன் முதுகில் தட்டியதும் அவர்தான்.

பனி உருகும்வரை அவருக்குக் காரின் பக்கம் போகத் துணிவு வரவில்லை. இன்று பானட்டைத் திறந்துவிட்டார். பதில் தெரிந்தாக வேண்டும், அது தன் தலையில் விழுந்தாலும் சரி.

காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்குகள் ஒன்று விடாமல் சிவந்தன. டீசல் குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை.

சரி, சரி என்று ஒவ்வொன்றையும் தாண்டினார். தப்பு இன்னும் மிச்சமிருந்த இடத்தில் ஒளிந்திருந்தது. அங்கேயும் பட்டது அவர் கைதான்.

டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஊறுகாய் ஜாடியில் பிடித்தார்.

மேலே மஞ்சளாக டீசல். அடியில், தெளிந்து, தனியாக, தண்ணீர்.

மிலுன் ஜாடியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். உறைகுளிரில் இது பனிக்கட்டியாகி வழியை அடைத்திருக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாலை இதே திருகைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை வடித்திருந்தாரே?

அப்படியானால் இந்தத் தண்ணீர் அதற்குப் பிறகு வந்தது.

பின் சீட்டைத் தூக்கினார். அதற்குக் கீழிருந்த டீசல் டாங்கிலிருந்து உறிஞ்சு குழாயை உருவி எடுத்தார். அதன் நுனிச் சல்லடையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்துச் சுருங்கிய சின்ன இலை.

விரலில் தேய்த்து முகர்ந்தார். டீசல் வாடைக்கு அடியில், துளசி.

ஜனவரித் திருநாளன்று தேவாலயத்தில் மந்திரித்துத் தரும் தீர்த்தத்தில் துளசிக் கொத்து கிடக்கும். சாமி படத்துக்குக் கீழே ஒரு பாட்டிலில் ஆண்டு முழுவதும் அதை வைத்திருப்பார்கள். மிஞ்சியதைக்கூட யார் காலும் மிதிக்கிற இடத்தில் கொட்டமாட்டார்கள்.

வெல்கோ கிளம்பிய காலை கோசரா அந்தப் பாட்டிலோடு ஓடிவந்தாள். "வண்டி மேல தெளிக்காதம்மா, கண்ணாடி உறைஞ்சு போயிடும்!" என்று வெல்கோ சிரித்தான். அவள் தெளிக்கவில்லை. காரின் பின்பக்கம் போய், டாங்க் மூடியருகே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

அழுகிறாள் என்று மிலுன் நினைத்துக்கொண்டார்.

"என்ன, கிடைச்சுதா?"

கோசரா பின்னால் வந்து நின்றிருந்தாள். கையில் கத்தி, விரல்களில் உருளைக்கிழங்கு ஈரம்.

இலை அவர் வாய்க்குள் போயிற்று.

"தண்ணி," என்றார். "ஃபில்டர்ல. குளிர் வர்றதுக்கு முன்னாடி வடிச்சு விட்டிருக்கணும்."

அவள் ஜாடியையே பார்த்தாள். "விடலையா?"

"மறந்துட்டேன், கோசா."

கத்தி கீழே விழுந்தது. ஈரக் கையால் அவர் நெஞ்சில் அடித்தாள். மறுபடி அடித்தாள். ஓய்கிறவரை அடித்தாள். மிலுன் நகரவில்லை. பிறகு அந்த நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, அடக்கத்தின்போதுகூட வராத அழுகையை அழுதாள்.

அவர் அவள் தலையில் கை வைத்திருந்தார். நாக்கின் அடியில் இலை கசந்தது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு ஜாடியை எடுத்தார். பழக்கத்தில் வாசலோரச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போன கை நின்றது.

சன்னலைப் பார்த்தார். திரை இழுத்து மூடியிருந்தது.

தோட்டத்துக் கோடிக்குப் போய், வேலி மூலையில் யார் காலும் படாத இடமாகப் பார்த்து, குனிந்து, மெதுவாக ஊற்றினார்.