சராசரிக் காத்திருப்பு

அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த வரிசை அது.

பொய் சொல்வானேன், நன்றாகத்தான் நகர்ந்தது. டோக்கன் எண் திரையில் வந்தால்தான் வாசல் கம்பி மேலே எழும். எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்று எடுக்க ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு விடியலில் வந்து பொழுது சாயத் திரும்பிய வண்டிக்காரர்கள், இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறார்கள்.

கல்லூரியில் வரிசைக் கோட்பாடு நடத்துகிறவள். சராசரிக் காத்திருப்பு பாதியாகிவிட்டதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தாள்.

செங்கோடன் என்ற வேன்காரர், வரிசையை அமைத்தவள் இவள்தான் என்று கேட்டறிந்து நேரே அவளிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், என்னை மட்டும் முன்னாடி உட்டுருங்க. எங்கப்பனுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிப்போட்டாங்க. கண்ணை மூடறதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணும்ங்கறார். நம்ம வேன்லயே போகோணுமாம்."

எஃப்.சி. காலாவதியான வண்டி. பாதி வழியில் போலீஸ் பிடித்து நிறுத்திவிட்டால் அந்த மனிதரை நடுரோட்டிலா இறக்க முடியும்?

"முன்னாடி நிக்கறவங்க ஒத்துக்கணுமே" என்றாள்.

அவர் வரிசையைக் காட்டினார்.

அத்தனை பேரும் ஏற்கெனவே வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். வாசல் வரை வழி திறந்து கிடந்தது.

"அவசரம்னு வந்தா முன்னாடி உடறது இங்க எப்பவும் இருக்கறதுதானுங்க" என்றார் ஒரு லாரிக்காரர்.

அவளுக்குச் சுருக்கென்றது.

மாதக்கணக்கில் இதே மைதானத்தில் உட்கார்ந்து, பின்னால் வந்த வண்டிகள் முன்னால் போனதைப் பார்த்திருக்கிறாள். லஞ்சம் என்று நினைத்தாள். ஒருவரையாவது கேட்டாளா? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கேட்கவில்லை. அந்த ஓட்டையைத்தான் முதலில் அடைத்தாள்; இப்போது எல்லோரும் வழி விட்டும், அவர் எண் வராமல் கம்பி எழாது.

அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"யாராலயும் நடுவுல புகுந்து மாத்த முடியாதபடி இருக்கோணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, பாவம். அவருக்கும் உண்மையிலேயே வழி தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது செங்கோடன் போனைக் காதில் வைத்திருந்தார்.

"சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சரி."

பின் சீட்டில் அப்பனுக்காக விரித்திருந்த போர்வையை எடுத்து மடித்தார். ஓரம் சரியாகச் சேரவில்லை. உதறி, மறுபடி மடித்தார்.

அவளுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. திரையில் அவர் எண் வந்தது. கம்பி எழுந்தது.

அவர் வேனிலிருந்து இறங்கி, பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநரிடம் போனார்.

"நீங்க போங்க. எனக்கு இனி அவசரமில்லீங்க."

லாரி நகரவில்லை. அதன் பின்னால் நின்ற பள்ளிப் பேருந்தும் நகரவில்லை.

கம்பி எழுந்தபடியே நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.