முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள்

மரம் அறுக்கும் மரக்காலையின் வாசல் கேற்றுக்கு வெளியே மணலில் ஒரு வாளி இரத்தம் ஊறிக் கிடந்தது. கேற்றுக்கு உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. விழாவுக்காகக் கூட்டிப் பெருக்கி, தண்ணீரும் தெளித்து, பளிச்சென்று வைத்திருந்தார்கள்.

வயலில் நின்ற நடராசா சேறு கழுவாத காலோடு ஓடி வந்திருந்தான். கையில் வேட்டைத் துவக்கு.

"எங்கையடா என்ரை தம்பி?"

தம்பி தவராசாவோடு ஒரே வட்டவாளில் மரம் அறுக்கும் ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டான். "லொறியில வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு, அண்ணை. உயிருக்குப் பயமில்லை. வலக்கைதான்..."

"கைக்கு என்ன?"

"மணிக்கட்டோட போச்சுது. கரடி, அண்ணை. வெளிக்குப் போனவன். பத்தைக்குள்ள நிண்டு பாய்ஞ்சிட்டுது. முகத்தில ஒரு கீறலும் இல்லை, அது கடவுள் செயல்."

நடராசா காட்டுப் பக்கம் திரும்பினான். ஓமந்தைக் காட்டுக் கரடி ஆளைக் கண்டால் முதலில் முகத்தைத்தான் கிழிக்கும். வேட்டைக்காரன் அவன் அறியாததா? முறிகண்டிப் பிள்ளையார்தான் காப்பாற்றினார் என்று நின்ற இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டான். தாயும் தகப்பனும் போனபிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுடைய கையைத் தின்ற மிருகம் உயிரோடு திரிய, தான் சோறு தின்பதா?

"ரெண்டு நாள் பொறுங்கோ, அண்ணை." ஏரம்பு துவக்கை எட்டிப் பிடித்தான். "விழா முடியட்டும்."

விழா! நடராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழும்பில் எந்தக் கம்பனியிலோ பார்த்துவிட்டு வந்து முதலாளி தொடங்கிவைத்த கூத்து அது. மரக்காலைக்குள் ஒரு வருடம் ஒருவருக்கும் காயம் படாவிட்டால் விழாவாம், ஆட்டிறைச்சிச் சாப்பாடாம். ஓலைக் கொட்டிலில் கிடக்கும் முப்பது தொழிலாளிகளுக்கும் ஆளுக்கொரு கூரை போட முதிரை மரமாம். உள்ளே யாருக்காவது இரத்தம் சிந்தினால் எண்ணிக்கை திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும். அன்று கரும்பலகையில் 363 என்று வெண்கட்டியால் எழுதியிருந்தது.

"என்ரை தம்பி கையில்லாமல் கிடக்கிறான். உங்களுக்கு ஆட்டிறைச்சி கேக்குதோ?"

துவக்குப் பிடியால் ஏரம்புவின் நெஞ்சில் ஓங்கி ஓர் இடி இடித்தான். மல்லாக்க விழுந்த ஏரம்பு, தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். "போகாதையுங்கோ அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ!" நடராசா உதறி உதைத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினான்.

சோறு தண்ணி இல்லாமல் இரண்டு நாள் அலைந்தான். மூன்றாம் நாள் காலை, ஒரு பாலை மரத்தின் கீழ் பழம் பொறுக்கிக்கொண்டு நின்றது அது.

வெடி தோளில்தான் பட்டது. மறு வெடி போடுவதற்குள் கரடி இரண்டு காலில் எழும்பி நேரே முகத்துக்கு வந்தது. ஒரே அறை. இடது கண்ணும் கன்னத்துச் சதையும் அதன் நகத்தோடு போயின.

கீழே விழுந்தவன் இடுப்புக் கத்தியை உருவி, மேலே கிடந்த மயிர்க் குவியலுக்குள் கண்டபடி குத்தினான். "இது தம்பிக்கு! இதுவும் தம்பிக்கு!" கரடியின் உறுமல் நின்று கனநேரமாகியும் அவன் குத்தை நிறுத்தவில்லை.

பிறகு அதன் வயிற்றைக் கிழித்து இரண்டு கையாலும் துழாவினான். ஓர் எலும்பாவது அகப்பட்டால் கொள்ளி வைக்கலாமே என்ற ஆசை. பாலைப்பழக் கொட்டையும் கறையானும்தான் வந்தன. "பாவி, செமிச்சுப்போட்டியே!" என்று குழறி அழுதான். அதன் வலது முன்னங்காலை வெட்டி எடுத்துக்கொண்டு நடந்தான்.

மரக்காலையில் வாழையும் தோரணமும் கட்டி, வட்டவாளுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். ஆள் நேரில் வந்து பேரேட்டில் பெருவிரல் அடையாளம் வைத்தால்தான் மரம் என்று சட்டம். அதனால் தவராசாவையும் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து, கட்டுப்போட்ட கையோடு ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

"ஒரு வருஷம்! இந்த மரக்காலைக்குள்ள ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை!" ஒலிபெருக்கியில் முதலாளி முழங்கினார். முப்பது பேரும் கை தட்டினார்கள். தவராசா தட்ட முடியாமல் இருந்தான்.

அந்த நேரம் பார்த்து நடராசா உள்ளே வந்தான். பெண்கள் வீரிட்டுக் கத்தினார்கள். முதலாளி ஒரு கணம் திகைத்துவிட்டு, சட்டென்று தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

"பாத்தியளோ? ஆபத்தெல்லாம் வெளியில, காட்டுக்குள்ளதான். எங்கட மரக்காலைக்குள்ள இல்லை!"

திரும்பவும் கைதட்டல். நடராசாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அந்தக் கரடிக் காலைத் தம்பியின் மடியில் வைத்தான்.

"இந்தாடா, உன்ரை கையைத் திண்டதின்ரை கை. அண்ணை விடுவனோ?"

தவராசா மடியைப் பார்த்தான். பிறகு அண்ணனின் கண் இருந்த இடத்தைப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நேரமடா, எல்லாரும் விரல் வைச்சு முடியட்டும்," என்று பின்னால் நின்ற ஏரம்பு அவன் தோளை அமுக்கினான்.

தவராசா அந்தக் கையைத் தட்டிவிட்டு, அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு விம்மினான்.

"அண்ணை, என்ரை கை அந்த வாளுக்குக் கீழ மரத்தூளுக்குள்ள கிடக்குது."