பத்து மணிக்கு மேல்

நகரசபைக் கூட்டத்தில் குழந்தைவேலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸின் இர்விங்கை ஒட்டிய அந்த ஊரில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனும் அதோடு ஒரு கடையும் வைத்திருக்கும் அவர், இரவு பத்து மணிக்கு மேலும் அங்கே பீர் விற்க அனுமதி கேட்டிருந்தார்.

"இதுக்கு மேலயும் சம்பாதிக்கணுமா அங்கிள்?" என்று பக்கத்து இருக்கை அஞ்சனா கேட்டேவிட்டாள்.

பேசியவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். கடைசியாகக் கண்மணி எழுந்தாள். குடித்துவிட்டுக் கார் ஓட்டிய மகனைப் போன வருஷம் விபத்தில் பறிகொடுத்தவள். குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பையன் அன்னிக்கு முதல்ல இவர் கடைக்குத்தான் நடந்து போனான். பத்து மணி தாண்டிடுச்சு, தர முடியாதுன்னுட்டாங்க. அப்புறம்தான் காரை எடுத்துட்டு பக்கத்து ஊர் பாருக்குப் போனான். இங்கயே கிடைச்சிருந்தா நடந்தே வீட்டுக்கு வந்திருப்பான். பர்மிஷன் குடுங்க."

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது.

பார்க்கிங்கில் குழந்தைவேலு அவளிடம் ஓடினார்.

"அன்னிக்கு அவனைத் திருப்பி அனுப்புனது நான்தாம்மா."

"தெரியும்ணா" என்றாள் கண்மணி. "அதுக்காகத்தானே நீங்க அப்ளையே பண்ணீங்க?"